பட்டம் இழுக்க மணலில் ஓடும் ஸ்கேட்: நாகர்கோவில் பட்டறைகளில் செய்துகொள்ள ஒரு வழிகாட்டி

சாலையில் ஓட்டும் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு சொத்தவிளைக் கடற்கரையில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிறிய கெட்டிச் சக்கரம் மணலில் உருள்வதில்லை, உழுகிறது. கையில் பிடித்த பட்டத்தின் இழுவையில் மணலிலும் காய்ந்த வயலிலும் ஓட வேண்டுமானால் காற்றடைத்த டயர் பொருத்திய ஸ்கேட் வேண்டும். நான் தேடிய கடைகளில் அது கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கேட்ட விலை என் பைக்கின் விலையை நெருங்கியது. ஆகவே நானே செய்தேன். முதல் ஜோடிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாயும் மூன்று மாதமும் செலவழித்து, கடைசியில் அதை இரும்புக்கடையில் எடைக்குப் போட்டேன். இரண்டாம் ஜோடி 10,200 ரூபாயில் முடிந்து இன்றும் ஓடுகிறது. முதல் ஜோடியில் நான் இழந்ததை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. பட்டறைக்குப் போகும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் இரண்டிலும் கால் வைத்திருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை லேத், வெல்டிங், ஃபைபர் பட்டறைகள் எல்லாம் படகுப் பராமரிப்பு வேலையில் மூழ்கியிருக்கும். அப்போது புஷ் என்னும் நான்கு சிறிய உலோகக் குழாய்களைக் கடைந்து தரும்படி கேட்டு நிற்பவரை ஒருவரும் பொருட்படுத்த மாட்டார்கள். அதில் குற்றம் சொல்லவும் இடமில்லை. நான் மே மாதத்தில் கொடுத்த வேலை ஆகஸ்டில் திரும்பி வந்தது. அதே வேலையை அடுத்த டிசம்பரில் கொடுத்தபோது நான்கு நாளில் முடித்துக் கொடுத்தார்கள்.

எனவே பட்டறை வேலையை நவம்பர் முதல் ஜனவரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கும்பப்பூ என்னும் நெற்போகத்தின் அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் நாட்களில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று ஓரளவு சீராக வீசும். புதியவர் கற்பதற்கு அதுவே ஏற்ற பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று வேறு வகை. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது மற்ற ஊர்களில் பழமொழியாக இருக்கலாம், ஆரல்வாய்மொழிக் கணவாயில் அது வானிலை அறிக்கை.

2. பணம் செலவழிக்கும் முன் அனுமதியைக் கேளுங்கள்

நான் இதைக் கடைசியில் செய்தேன், அதனால் ஒரு பருவத்தையே இழந்தேன்.

பட்டத்தின் கயிறுதான் முதல் சிக்கல். இழுவைப் பட்டத்துக்குப் பயன்படும் பின்னல் கயிறு பாலித்தீன் குடும்பத்தைச் சேர்ந்த செயற்கை இழையால் ஆனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் மற்றும் பிற செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. தமிழ்நாட்டிலும் மாஞ்சா நூலுக்குத் தடை உள்ளது. நம் கயிற்றில் கண்ணாடித்தூள் இல்லை, அது இன்னொரு நூலை அறுப்பதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. ஆனால் ‘செயற்கை இழை’ என்ற சொல் அதையும் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. கடற்கரையில் நிற்கும் காவலரிடம் அந்த வேறுபாட்டை வாயால் விளக்கிப் புரியவைக்கலாம் என்று நம்ப வேண்டாம். மேலும், பூச்சு இல்லை என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. விறைத்து நிற்கும் கயிற்றில் யாரேனும் ஓடி மோதினால் தோல் கிழியும்.

நீங்கள் ஓட்ட விரும்பும் இடம் எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறதோ அங்கே எழுத்தில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் பெயர், முகவரி, ஆதார் நகல், ஓட்டும் இடத்தின் வரைபடம், நாள், நேரம், கயிற்றின் நீளம் ஆகியவை இருக்க வேண்டும். கயிற்றின் ஒரு சாண் துண்டை ஒரு தாளில் ஒட்டி இணைத்துவிடுங்கள். பூச்சு இல்லை என்பதை விரலால் தடவிப் பார்த்தே அறிந்துகொள்வார்கள். இரண்டு படிகள் கொண்டு போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். என் முதல் விண்ணப்பத்தில் ‘பட்டம் விடுவதற்கு அனுமதி’ என்று மட்டும் எழுதியிருந்ததால், ஒரு நிலையத்தில் அதை மாஞ்சாக் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். அதை விளக்கி மாற்றி எழுதி முடிக்கப் பத்தொன்பது நாட்கள் ஆயின. அனுமதி இல்லை என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே முறை.

கடலோர ஊர்களில் ஊர்க் கமிட்டியிடமும் கேட்க வேண்டும். இதற்குத் தாள் எதுவும் வேண்டியதில்லை. நேரில் போய் நின்றால் போதும். கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கும் நேரம், வலை காயப்போடும் இடம், பிள்ளைகள் பந்து விளையாடும் பொழுது ஆகிய மூன்றையும் அவர்களிடமே கேட்டு அறியுங்கள். ஒருமுறை கேட்காமல் பட்டத்தை ஏற்றிவிட்டேன். வயதான ஒருவர் நிதானமாக நடந்து வந்து, “மக்களே, மடி வளைச்சாச்சு. அது கரையேறுத வரைக்கும் ஒன் பட்டம் தரையில கெடக்கட்டும்” என்றார். இரண்டு மணி நேரம் கிடந்தது.

வயலானால் உரிமையாளரை மட்டும் கேட்டால் போதாது. பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுபவர் வேறொருவராக இருப்பார். வரப்பு உடைந்தால் நட்டம் அவருக்குத்தான்.

சில இடங்களைக் கேட்கவே வேண்டாம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவை வாழிடங்கள். புத்தளம் உப்பளங்களிலும் மணக்குடிக் கழிமுகத்திலும் பறவைகள் கூட்டமாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாத கயிறு பறவைக்குக் கத்தி. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அங்கே உயரழுத்த மின்கம்பிகளும், கணவாய் வழியாகக் குதித்துக் குதித்து வரும் காற்றும், டயரைத் துளைக்கும் உடைமுள்ளும் ஒன்றாக இருக்கின்றன.

3. சக்கரம்

தள்ளுவண்டிகளுக்கு விற்கும் 8 அங்குலக் காற்றடைத்த சக்கரம் போதும். ஒன்று 650 ரூபாய் வீதம் நான்கு வாங்கினேன். 10 அங்குலச் சக்கரம் மணலில் இன்னும் நன்றாக மிதக்கும் என்றாலும், ஸ்கேட்டின் நீளமும் எடையும் தாங்க முடியாத அளவுக்குக் கூடிவிடும். டயரின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையான முகமுள்ள டயர் சாய்ந்தவுடன் விளிம்பில் ஏறித் தள்ளாடும். வாங்கும்போதே கடையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கு ரிம் நெளிந்திருந்தது.

ஒரு காலுக்கு எத்தனை சக்கரம் என்பதில்தான் என் முதல் ஜோடி கெட்டது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று வைத்தால் கீழே விழாமல் நிற்கும் என்று கணக்குப் போட்டேன், நிற்கவும் செய்தது. ஆனால் பட்டம் பக்கவாட்டில் இழுக்கும்போது நாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தாக வேண்டும். மூன்று சக்கர ஸ்கேட் சாயாமல் தரையோடு தட்டையாகவே நிற்கும். உடல் மட்டும் சாயும். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதையும் கணுக்கால் தாங்கும். மூன்றாம் நாளில் என் இடது கணுக்கால் வீங்கியது. முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் இரண்டு சக்கரம் வைத்தால் ஸ்கேட்டும் காலோடு சேர்ந்து சாயும், விசை எலும்பின் வழியாக நேராக டயருக்குப் போகும். முதல் இரண்டு நாள் தடுமாற்றமாக இருக்கும். இருந்தாலும் இரண்டு சக்கரமே சரி.

4. அச்சு, பேரிங், ஸ்பேசர்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் நிகழ்கின்றன.

இந்தச் சக்கரங்களில் வழக்கமாக 20 மி.மீ. துளையுள்ள 6204 பேரிங் இருக்கும். சக்கரத்தோடு வருவது பெரும்பாலும் இருபுறமும் தகர மூடி போட்டதாக இருக்கும். அதைத் தட்டி எடுத்துவிட்டு, இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 6204 2ஆர்எஸ் வகையைப் போடுங்கள். எட்டுக்கு 880 ரூபாய் ஆனது. இதைச் செலவென்று எண்ணித் தவிர்க்க வேண்டாம். நம் மேற்குக் கரையில், குறிப்பாக மணவாளக்குறிச்சியைச் சுற்றிய கரைகளில், மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். அது தகர மூடியின் இடுக்கில் நுழைந்தால் பேரிங்கை உள்ளிருந்து அரைத்துவிடும். என் பழைய பேரிங் ஒன்றைப் பிளந்து பார்த்தபோது, கிரீஸ் கரும்பச்சைக் களிம்பாக மாறியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. உருண்டைகள் மினுமினுப்பை இழந்து சாம்பல் நிறத்தில் கிடந்தன. ஆறு நாள் ஓட்டத்தில் அந்த நிலை.

அச்சுக்கு 12 மி.மீ. போல்ட், 8.8 தரம். தலையில் அந்த எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முழு நீளமும் மரை உள்ளதை வாங்கவே வாங்காதீர்கள். மரையின் பள்ளத்தில்தான் போல்ட் முறியும். பேரிங்கும் பக்கத் தகடும் உட்காரும் பகுதி வழுவழுப்பாக இருக்கும்படி, பாதி மரையுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நட்டு, அதிர்வில் தளராத நைலாக் வகையாக இருக்கட்டும்.

20 மி.மீ. பேரிங்கில் 12 மி.மீ. போல்ட்டைப் பொருத்த, வெளிவிட்டம் 20, துளை 12 என்ற அளவில் ஒரு புஷ் கடைய வேண்டும். இதோடு, ஒரு சக்கரத்தின் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில், அவற்றின் உள்வளையங்களை மட்டும் தொட்டு நிற்கும் ஸ்பேசர் குழாய் ஒன்றும் வேண்டும். இந்த ஸ்பேசரை நான் முதலில் விட்டுவிட்டேன். நட்டை முறுக்க முறுக்க இரண்டு பேரிங்கும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டுச் சக்கரம் இறுகியது. தளர்த்தினால் சக்கரம் ஆடியது. இரண்டுக்கும் நடுவில் சரியான ஒரு முறுக்கு இருக்கும் என்று நம்பி இரண்டு வாரம் சாவியோடு உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. ஸ்பேசர் இருந்தால் நட்டை முழுப் பலத்தோடு இறுக்கலாம், சக்கரம் தன்பாட்டில் சுழலும். லேத்காரரிடம் அளவை வாயால் சொல்லாமல் சக்கரத்தையே கொடுத்துவிடுங்கள். பேரிங்கைப் பொருத்தி, இடைவெளியை வெர்னியரில் அளந்து அவரே கடைவார். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் ஸ்பேசர் இல்லாததற்குச் சமம். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 1,200 ரூபாய்.

5. ஃபிரேம்

25 மி.மீ. சதுர எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) குழாய், 2 மி.மீ. கனம். அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், அதை ஒழுங்காக வெல்டு செய்பவரைத் தேடி அலைய வேண்டும், எம்.எஸ். எந்தக் கிரில் பட்டறையிலும் நடக்கும்.

நீளக் கணக்கு எளிது. காலணியின் நீளத்தோடு முன்னும் பின்னும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியையும் சக்கரத்தின் விட்டத்தையும் கூட்டினால் இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரம் வரும். என் காலணி 29 செ.மீ., சக்கரம் 20 செ.மீ.; ஆக 52 செ.மீ. பாதம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் தொங்க வேண்டும், மேலே ஏறி நிற்கக் கூடாது. அச்சு தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பாதம் அதற்குக் கீழே, எட்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கால் புரளும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அதற்காக இரண்டு குழாய்களையும் தாழ்வாக ஓடவிட்டு, முனைகளில் 5 மி.மீ. தகடுகளை மேல்நோக்கி வெல்டு செய்து, அவற்றில் அச்சுத் துளை போட வேண்டும்.

வெல்டு செய்யும் சூட்டில் குழாய் கோணும். ஆகவே முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைக்கச் சொல்லுங்கள். பிறகு சக்கரங்களை மாட்டி, கொத்தனார் பயன்படுத்தும் நூலை முன் ரிம்மிலிருந்து பின் ரிம்வரை விறைப்பாகப் பிடித்துப் பாருங்கள்; நூல் நான்கு இடத்திலும் ரிம்மைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் அப்போதே தட்டிச் சரிசெய்துவிடலாம், முழு வெல்டுக்குப் பின் முடியாது. பேரிங் சக்கரத்தில் இருக்கும்போது வெல்டு வைக்க விடாதீர்கள். மின்னோட்டம் அதன் வழியாகப் பாய்ந்தால் உருண்டையில் புள்ளி விழும். நூல் பார்த்தவுடன் சக்கரத்தைக் கழற்றிவிட வேண்டும். கடைசியாக ரெட் ஆக்சைடு இரண்டு கை, எனாமல் இரண்டு கை. குழாயின் திறந்த முனைகளை அடைக்க மறந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே தங்கி, வெளியே பெயிண்ட் பளபளக்க உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும்.

6. காலணி

கணுக்காலுக்கு மேலே ஏறும் கெட்டியான பூட்ஸ் வேண்டும். 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு வெளியே, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை எழும் ஃபைபர் பட்டைகளைக் காலின் இரு பக்கமும் வைத்தேன். படகு பார்க்கும் ஃபைபர் பட்டறையில் மிச்சம் விழும் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) துண்டுகளே இதற்குப் போதும். பூட்ஸுக்குள் நாளிதழை அடைத்து, மேலே பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன்மீது மேட்டும் ரெசினும் வைத்து வார்க்க வேண்டும். காலை உள்ளே வைத்துக்கொண்டு வார்க்க முயலாதீர்கள், ரெசின் இறுகும்போது கடுமையாகச் சூடேறும். முன்புறத்தைத் திறந்தே விடுங்கள். முழங்கால் முன்னோக்கி மடங்க வேண்டும், பக்கவாட்டில் மட்டும்தான் அசையக் கூடாது. அடியில் 12 மி.மீ. மரைன் பிளைவுட், பூட்ஸின் அடித்தோலோடு நான்கு போல்ட், பெரிய வாஷர்.

7. பட்டம்

புதியவருக்கு இரண்டு முதல் மூன்று சதுர மீட்டர், நான்கு கயிறு, இரண்டு கைப்பிடி உள்ளது. கைப்பிடியை விட்டவுடன் மணிக்கட்டு வார் அடிக்கயிறுகளை மட்டும் இழுத்துப் பட்டத்தைச் சுருட்டிப் போட வேண்டும். அந்த வார் இல்லாத பட்டம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். இடுப்பில் கட்டும் பட்டி முதல் ஆண்டில் தேவையில்லை.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால், விலைச்சீட்டில் என்ன எழுதுகிறார் என்பதை அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். என் பொதியில் ‘பொம்மைப் பட்டம்’ என்று எழுதிவிட்டார். 2021 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை கட்டாயம் என்பதால் பொதி சுங்கத்தில் நின்றது. பெரியவர்களுக்கான விளையாட்டுக் கருவி என்ற விளக்கக் கடிதம், விற்பனையாளரின் திருத்திய விலைச்சீட்டு, பணம் செலுத்திய வங்கிச் சான்று, ஆதார், பான் எல்லாம் கொடுத்து மீட்க ஐந்து வாரம் ஆயிற்று. விலையில் ஏறக்குறைய பாதி, வரியாகவும் கூரியர் கட்டணமாகவும் மேலே ஏறியது. இந்தத் தொகை நான் முன்னே சொன்ன 10,200-இல் சேராது. ஹெல்மெட், மணிக்கட்டு, முழங்கால் காப்புகளுக்கான 2,800 ரூபாயும் சேராது.

8. பட்டம் இல்லாமல் ஸ்கேட், ஸ்கேட் இல்லாமல் பட்டம்

இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்கேட்டை மாட்டி, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி, காய்ந்த வயலிலோ மைதானத்திலோ ஒரு வாரம் ஓடுங்கள். ஒவ்வொரு காலிலும் ஐந்து கிலோ எடை இருப்பதால், முதல் நாள் இரவு தொடை ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும். கெட்டித் தரையில் டயரில் 25 பி.எஸ்.ஐ. காற்றும் ஈரமணலில் 12 முதல் 15 வரையும் வைத்தேன். இந்த ஸ்கேட்டில் பிரேக் கிடையாது என்பதை உடம்பு புரிந்துகொள்வதற்கே இந்த ஒரு வாரம்.

பட்டத்தை வெறுங்காலோடு நின்று பழகுங்கள். தலைக்கு நேர் மேலேயும் காற்றின் இரு ஓரங்களிலும் அது மெதுவாக இழுக்கும். காற்று போகும் திசையில் நமக்கு நேர் எதிரே தாழ்வாக வந்தால் முழு வேகத்தோடு இழுக்கும். தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துவதுதான் பின்னாளில் உங்கள் பிரேக். கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்ய முடியும் என்ற நிலை வரும்வரை ஸ்கேட்டை மாட்ட வேண்டாம்.

9. முதல் ஓட்டம்

காற்று மணிக்கு 12 முதல் 20 கி.மீ. வரை உள்ள மாலையைத் தேர்ந்தெடுங்கள். இழுவை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. 20 கிலோமீட்டர் 30 ஆனால் இழுவை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டே கால் மடங்கு ஆகிறது. அலை நுனியில் வெண்ணுரை பரவலாகத் தெரிந்தால் அன்று பட்டத்தைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) ஏறப்போகிறது என்று கரையில் இருப்பவர்கள் சொன்னால், செல்பேசிச் செயலி என்ன காட்டினாலும் அவர்கள் சொன்னதே கணக்கு.

நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் கெட்டியான ஈரமணல் ஒரு குறுகிய பட்டையாக மட்டுமே கிடைக்கும். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் சக்கரம் புதையும் உலர்மணல். காற்று கரைக்கு இணையாக வீசும் நாளில் மட்டும் அந்தப் பட்டையில் ஓடுங்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் ஓட்டவே கூடாது. காலில் பத்துக் கிலோ இரும்போடு முழங்கால் ஆழத்தில் விழுந்தாலும் எழுவது கடினம். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் கடல் உள்ளே ஏறும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உங்களிடமிருந்து காற்று போகும் திசையில் நூறு மீட்டருக்குள் மனிதர், படகு, மின்கம்பி, தென்னை எதுவும் இருக்கக் கூடாது. தனியாகப் போகாதீர்கள், கூட வருபவருக்கு வாரை இழுத்துப் பட்டத்தைச் சுருட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழாயின் அழுத்தத்தை நேராகப் பேரிங்கின் சீலில் அடிக்காமல், வாளியில் மொண்டு ஊற்ற வேண்டும். துடைத்து, நிழலில் சாய்த்துவைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் காதருகே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். நறநறப்பு கேட்டால் அந்தப் பேரிங்கை அடுத்த ஓட்டத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வெல்டு ஓரங்களில் பெயிண்டில் மயிரிழை போன்ற கோடு விழுந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துத் தேடுங்கள். எனக்கு ஒருமுறை பின் தகட்டில் அப்படி ஒரு கோடு தெரிந்தது. பெயிண்ட்தான் வெடித்திருக்கிறது என்று எண்ணி விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகடு தனியாக வந்தது. நல்லவேளையாக அன்று பட்டம் தலைக்கு மேலே நின்றிருந்தது.

கயிற்றையும் தண்ணீரில் அலசி, முடிச்சுகளைப் பார்த்து, உலர்ந்த பின் சுற்றி வையுங்கள். காவல் நிலையத்தில் முத்திரை பெற்ற படியின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தப் பையிலேயே வைத்துவிடுவது வசதி.